தண்ணீர் கேட்காதவன்

"வாங்க வருகிறவர் பேசும்போது நீ..."

இதற்கு மேல் சம்மட்டியாருக்குத் தெரியாது. அந்தத் தொழிற்சாலையில் பிறந்த முதல் ரயில் எஞ்சின், ஓய்வு பெற்ற நாளில் சொன்ன வார்த்தை அது. மீதியைச் சொன்னபோது சம்மட்டியார் இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே நீராவி எஞ்சின் செய்கிற தொழிற்சாலைக்கு நீராவியில் இயங்கும் ராட்சதச் சுத்தியலான சம்மட்டியார்தான் மூத்தவர். அவர் ஒரு போடு போட்டால் அக்கரை வீடுகளில் கோப்பைகள் குலுங்கும். அவர் சொன்னதுதான் சட்டம்.

அங்கே ஒரு வழக்கம். வாங்குகிறவரின் மலை, சமவெளி, கரி எல்லாம் விசாரித்து, அளவெடுத்துத்தான் எஞ்சின் செய்வார்கள். "கடையில் தொங்குகிற சட்டை நம்மிடம் கிடையாது" என்பார் சம்மட்டியார்.

ஆனால் கொஞ்ச காலமாக ஆர்டர் வரவில்லை. இரண்டு உலைகள் அணைந்துவிட்டன.

"ஐயா, இன்றைக்கு வருகிற ஹாலரன் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்தது நான்தான்" என்றது மூன்றாவது உலை.

"போடாமல் எங்கே போவார்? நம் பிள்ளையைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிடும்."

பிள்ளை என்றது புது எஞ்சினை. மாடி வீட்டு உயரம். இன்னும் நெருப்பு மூட்டாததால், முற்றத்துக்கு அதை இழுத்து வந்தவன் குட்டி டீசல் எஞ்சின். எடுபிடி வேலைக்காக வேறொரு கம்பெனியில் வாங்கிப் போட்டிருந்த பொடியன்.

பாலைவன ரயில்பாதைக்காரரான ஹாலரன் காலையிலேயே வந்துவிட்டார்.

"இது எப்ப கிளம்பும்?"

"பெரிய இடத்துப் பிள்ளைங்க, தண்ணி கொதிச்சு எழுந்திருக்க மத்தியானம் ஆகும்" என்றது புது எஞ்சினின் கொதிகலன்.

வெயில் ஏறியது. ஹாலரன் நிழலுக்காக டீசலில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ எப்படா எழுந்தே?"

"பொத்தானை அமுக்கினாங்க, எழுந்துட்டேங்க."

"தண்ணி?"

"உள்ளேயே கொஞ்சம் சுத்திக்கிட்டிருக்கும். வழியில நிறுத்திக் கேக்க மாட்டேங்க."

ஹாலரன் தனக்குத்தானே சிரித்தார். "எங்க ஊர்ல பாதி வண்டி, மீதி வண்டிக்குத் தண்ணி சுமக்குது. உன்னைவிடப் பெரியவன் யாராவது இருக்கானா?"

"என்னைச் செஞ்ச எடத்துல அண்ணன்மாரு இருக்காங்க. எல்லாரும் ஒரே அச்சு."

"எங்க பாதைக்கு அளவெடுக்க வேண்டாமா?"

"ஒருத்தரால முடியலன்னா ரெண்டு பேரைக் கோத்து விடுங்க. மலை பெரிசுன்னா நாலு பேரு."

"வேலைக்காரனிடம் என்ன பேச்சு?" என்று முணுமுணுத்த சம்மட்டியார், வேண்டுமென்றே இன்னும் பலமாக ஒரு போடு போட்டார்.

மத்தியானம் பிள்ளை விழித்தது. புகை எழுந்தது, விசில் கேட்டு ஆற்றங்கரைப் புறாக்களெல்லாம் பறந்தன. ஹாலரன் தொப்பியைக் கழற்றிவிட்டார். "என்ன அழகு! என்ன அழகு!" கண்கூடக் கலங்கியது.

"பார்த்தாயா?" என்றார் சம்மட்டியார் உலையிடம்.

ஹாலரன் தொப்பியை மாட்டிக்கொண்டார். "பொடியா, என்னை ஸ்டேஷன்ல விட்டுடு. உங்க அண்ணன்மாரைப் போய்ப் பாக்கணும்."

டீசல் தனியாகத் திரும்பி வந்தது.

"ஐயா," உலை மெதுவாகக் கேட்டது, "நாமும் இவன் மாதிரி ஒன்று செய்து பார்த்தால் என்ன? ஹாலரன் தண்ணீர்ப் பிரச்சினை என்றுதானே சொன்னார்?"

சம்மட்டியார் வாழ்நாளில் முதல்முறையாக அடிப்பதை நிறுத்தி யோசித்தார். வாங்க வருகிறவர் பேசும்போது நீ... நீ என்ன? 'காது கொடு' என்றிருக்குமோ? சே, முதல் எஞ்சின் அப்படிக் குனிகிற ஆளில்லை. 'நிமிர்ந்து நில்' என்றுதான் சொல்லியிருக்கும்.

அடுத்த எஞ்சினுக்குத் தண்ணீர்த் தொட்டியை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்யச் சொன்னார்.