வாய் திறக்காத ஜாய்ஸ்டிக்

கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவனைத் திருடன் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, அவன் டப்பாவிலிருந்தே ஊறுகாய் எடுத்துத் தின்ன உங்களால் முடியுமா?

தவசிலிங்கத்தால் முடிந்தது. ஒரு வாரமாகத் தின்றுகொண்டிருந்தார். ஊறுகாய் நன்றாக இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாகவும் இருந்தது.

பொறுக்கமாட்டாமல் அன்று செண்பகவல்லி டீச்சர் முன்னால் போய் நின்றார்.

டீச்சர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். ரைஸ் மில்லுக்குப் பின்னால் பட்டறை வைத்து, மோட்டார் வேலை, போர்டு வேலை என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். கேட்டதில் பாதிக்குத்தான் பதில் வரும். மீதியைக் கேட்டவரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"குழந்தைவேலை அனுப்பிடுங்க டீச்சர்."

"எங்க?"

"எங்கயாவது. அவன் இருந்தா நான் இருக்கமாட்டேன்."

தவசிலிங்கமும் குழந்தைவேலும் சேர்ந்து ஒரு வண்டி செய்துகொண்டிருந்தார்கள். மில்லில் மூட்டை இழுக்கிற வண்டி. கைப்பிடியில் ஒரு யூஎஸ்பி ஜாய்ஸ்டிக், பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடுவார்களே, அதேதான். அதைச் சாய்த்தால், வண்டிக்கு மூளையாக இருக்கிற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு சக்கரத்தைத் திருப்ப வேண்டும்.

திருப்பவில்லை.

"ஜாய்ஸ்டிக்கில லைட் எரியுது. போர்டிலயும் எரியுது. நாலு ஒயரையும் என் கையாலதான் ஈயம் வச்சு சால்டர் பண்ணேன். சாய்ச்சா ஒரு அசைவு இல்ல. கடைக்காரன் பொம்மையைக் குடுத்து ஏமாத்திட்டானோன்னு முதல்ல நினைச்சேன்."

"இப்ப?"

"இப்ப குழந்தைவேலை நினைக்கிறேன். நான் இல்லாத நேரம் பார்த்து எதையோ மாத்தி வச்சிருக்கான்."

"அவர் எதுக்கு மாத்தணும்?"

"சால்டர் பண்ணுடான்னா, நீயே பண்ணு அண்ணேன்னு என்கிட்டயே தள்ளுறான். போன் வந்தா வெளிய ஓடுறான். பட்டறைப் பூதக்கண்ணாடியைக் காணோம்னு தேடுனோமே, அது நேத்து அவன் பையிலிருந்து எட்டிப் பார்க்குது. நம்ம வண்டியை வேற எவனுக்கோ விலை பேசிட்டான் டீச்சர்."

டீச்சர் கையை நீட்டினார். தவசிலிங்கம் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தார்.

அதைத் தன் கம்ப்யூட்டரில் சொருகிச் சாய்த்தார் டீச்சர். திரையில் ஒரு புள்ளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

தவசிலிங்கம் ஜாய்ஸ்டிக்கை முறைத்தார்.

"உங்ககிட்ட மட்டும் பேசுது."

"என்கிட்ட இல்ல. கம்ப்யூட்டர்கிட்ட."

"எங்க போர்டுகிட்ட பேசுனா வாய் வலிக்குமா அதுக்கு?"

"உங்க போர்டு அதைக் கேட்டுச்சா?"

"என்னத்தைக் கேக்கணும்? அதான் லைட் எரியுதே."

"கம்ப்யூட்டர் சொருகின உடனே கேக்கும். நீ யாரு, உன்கிட்ட என்ன இருக்குன்னு. அப்புறமும் விடாது. இப்ப எப்படி இருக்க, இப்ப எப்படி இருக்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஜாய்ஸ்டிக் தானா ஒரு வார்த்தை பேசாது. கேட்டாத்தான் சொல்லும். உங்க போர்டும் அதே ரகம்."

"அப்ப ரெண்டும்..."

"ரெண்டும் லைட்டை எரியவிட்டுட்டு ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு."

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"ஹோஸ்ட் போர்டு. கேக்குறது இதோட வேலை. ரெண்டுக்கும் நடுவுல வைங்க."

தவசிலிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரிஜினல்தானா என்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"சரி, வண்டி கதை முடிஞ்சுது. அவன் கதை? பத்து வருஷமா ஒண்ணா வேலை பார்க்குறோம். என்ன நடக்குதுன்னு ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லல டீச்சர். ஒரு வார்த்தை."

"போய்ச் சொல்லிடுங்க. நாளையில இருந்து வர வேண்டாம்னு."

டீச்சர் இவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று தவசிலிங்கம் நினைக்கவில்லை.

டீச்சர் ஜாய்ஸ்டிக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவினார். ஒயரின் முனையைத் தவசிலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க."

மில் சுவரோரம் குழந்தைவேல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். தவசிலிங்கத்தைப் பார்த்ததும் ஊறுகாயை இந்தப் பக்கம் தள்ளினான்.

தவசிலிங்கம் உட்கார்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். கையில் ஒயர் உறுத்தியது.

"டேய் குழந்தை."

"என்னண்ணே?"

"உனக்கு என்னடா ஆச்சு?"

குழந்தைவேல் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. பைக்குள் கையை விட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான்.

"இதை வச்சுப் பார்த்தாலும் எது சிவப்பு ஒயர், எது கறுப்பு ஒயர்னு தெரியலண்ணே. கண்ணாஸ்பத்திரியிலிருந்துதான் போன் மேல போன். ஆபரேஷனுக்கு வர்றப்போ கூட ஒரு ஆள் வரணுமாம்."

தவசிலிங்கம் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

"யாரைக் கூப்பிடுறதுன்னு இருந்தேன். நீயும் ஒரு வாரமா முறைச்சுக்கிட்டே திங்குற."

குழந்தைவேல் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

"நாளைக்கு என்கூட வர்றியாண்ணே?"