நூற்றைம்பது கிலோ தாங்கிய நாற்காலி

இதை எனக்கு முதலில் சொன்னவர் பிரகாசி. தூத்துக்குடியில் பிளாஸ்டிக் நாற்காலி வார்க்கும் பட்டறை ஒன்றில், வார்த்தவை விற்கத் தகுந்தவையா என்று சோதிப்பது அவர் வேலை. தம்மைக் காத்துக்கொள்ளாமல் சொன்னார். நானும் எதையும் கூட்டாமல் எழுதுகிறேன்.

ஓராண்டு, நாற்காலி வார்க்க உருக்கும் பிளாஸ்டிக் குருணையின் விலை ஏறியது. முதலாளி தவசிமணி, அனல்மின் நிலையத்தில் கழிவாகக் குவியும் நிலக்கரிச் சாம்பலைக் குருணையோடு கலக்கத் தீர்மானித்தார். ஒளித்துச் செய்யவில்லை. அறுபது நாற்காலி கேட்ட உப்பளத் தொழிலாளர் சங்கத்தாரிடம், "சாம்பல் கலந்தது, அதான் விலை கம்மி. பிரகாசி சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்" என்று சொல்லியே ஒப்புக்கொண்டார்.

கலவை போடும் பேச்சிமுத்து, சாம்பலைச் சலித்து, ஈரம் போகக் காயவைத்து, நூறு கிலோ குருணைக்கு முப்பது கிலோ என்ற அளவை இம்மியும் மீறாமல் கலந்தார்.

பிரகாசி பத்தாண்டுகளாகச் செய்துவந்த சோதனையையே செய்தார். மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக, அலுங்காமல் இருக்கையில் அடுக்கினார். மொத்தம் நூற்றைம்பது கிலோ. ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டார். சாம்பல் கலக்காத நாற்காலியின் கால்கள் இந்தப் பாரத்தில் சற்றே அகலும். இதன் கால்கள் மயிரிழையும் விலகவில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது பேச்சிமுத்து, வார்ப்பில் மிஞ்சிய துண்டு ஒன்றை வளைத்தார். முன்பெல்லாம் வளைந்து வெளுக்கும் துண்டு, படக்கென்று இரண்டானது.

"யக்கா, இது முறுக்கு மாதிரில்லா ஒடியுது!"

"அப்போ கடிச்சுத் தின்னுட்டு வேலையைப் பாருல."

இருவரும் சிரித்தார்கள். நாற்காலிகள் போயின.

மூன்றாம் நாள் நண்பகல், அரை நாள் உப்புச் சுமந்துவிட்டுச் சங்கத்துக்கு வந்த முப்பிடாதி, "அப்பாடா" என்று ஒரு நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அவர் எடை ஐம்பத்திரண்டு கிலோதான். நாற்காலியின் கால் முறிந்தது; தரையில் ஊன்றிய அவருடைய வலது மணிக்கட்டும் முறிந்தது. அன்றாடக் கூலியில் நடக்கும் வீடு. சுமக்க வேறு ஆளில்லை.

முதலாளி மறைக்கவில்லை. கலந்தவர் அளவு தப்பவில்லை. சோதித்தவர் வழக்கமான சோதனையில் எதையும் விடவில்லை. நூற்றைம்பதைத் தாங்கியது ஐம்பத்திரண்டில் முறிந்தது ஏன்? மூவரில் பிழை செய்தவர் யார்?

விடை: சாம்பல் நாற்காலியை விறைப்பாக்கியது. விறைத்தது பாரம் தாங்கும், அதிர்ச்சி தாங்காது. மனிதர் மணல் மூட்டையைப் போல மெல்ல இறங்குவதில்லை, களைத்தவர் விழுகிறார். ஒரு மூட்டையை முழங்கால் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்திருந்தால் போதும். பொருள் மாறிய பின்னும் சோதனையை மாற்றாதவர் பிரகாசி. பேச்சிமுத்துவும் சிரித்தார்தான், ஆனால் கண்டதைச் சொல்லிவிட்டார். நான் வாய் திறக்குமுன் இவ்விடையைப் பிரகாசியே கூறினார். மீதி ஐம்பத்தொன்பதையும் தவசிமணி திரும்ப எடுத்துக்கொண்டார். பிரகாசி கொண்டுபோன பணத்தை முப்பிடாதி தொடவில்லை. "உன் காசு எனக்கெதுக்கு? நான் சுமக்காத உப்பை நீ சுமப்பியா?" என்று கேட்டாராம். பிரகாசி ஞாயிறுதோறும் உப்பளம் சென்று அவர் பேரில் சுமந்தார். கூலி முப்பிடாதிக்குப் போயிற்று. அவர் கை தேறிய பின்னும் நிறுத்தவில்லை. முப்பிடாதி வேலை இழந்த நாட்களின் கடன், விழுந்த அன்றைய பிற்பகலையும் சேர்த்து, ஒரு ஞாயிறு நண்பகலில் பிரகாசி தலைச் சும்மாட்டை இறக்கியபோது அடைந்து முடிந்தது: நாற்பதரை நாள்.