ஓலை நறுக்கு

வெயிலுகந்த சாமி வாசிக்க ஆரம்பித்தால் சாம்பார் ஆறிவிடும். மடத்தில் எங்களுக்குள் இப்படித்தான் கேலி செய்துகொள்வோம்.

தாமிரபரணிக் கரையில் சின்ன மடம் அது. ஆறேழு சீடர்கள், ஒரு சமையல்காரர், நாற்பது பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். அங்கே வாத்தியாரும் நான்தான், சாமியின் சீடனும் நான்தான். சாமியைவிட எனக்கு நாலு வயது கூடுதல். பி.ஏ., ஆசிரியர் பயிற்சி எல்லாம் முடித்தவன் என்ற மிதப்பும் எனக்கு நிறையவே உண்டு.

மத்தியானம் இலை போட்டுப் பரிமாறியதும் சாமி ஒரு தடித்த உரைப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிப்பார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. ஒரே ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். வரிக்குக் கீழே பனையோலை நறுக்கு ஒன்றை வைத்துக்கொள்வார். வரி முடிந்ததும் நறுக்கு ஒரு வரி இறங்கும். ஒவ்வொரு சொல்லாக, ஏதோ கண்டுபிடித்து எடுப்பது மாதிரி சொல்வார். அவசரக்காரனான எனக்கே அந்த நேரத்தில் மனசு அடங்கிவிடும். இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. அந்தக் குரலை இன்னும் ஒரு தடவை கேட்கக் கிடைக்காதா என்று ஏங்குகிறேன். ஆறிப்போன அந்தச் சாம்பாருக்கும் சேர்த்துத்தான்.

ஓலை நறுக்கு வெட்டிக் கொடுப்பது என் வேலை. வாரத்துக்கு ஒன்று, விரல் அகலத்தில். எதற்கு என்று சாமி சொன்னதில்லை. நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பச்சை ஓலை வெளுத்துக் காய்வது நிலையாமைக்கு அடையாளம் என்று மடத்து ஆண்டு மலரில் நாலு பக்கத்துக்கு வெளுத்துவாங்கினேன். அதன் பிறகு சீடர்கள் எல்லாருடைய புத்தகத்திலும் ஓலை வந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பழைய நறுக்கைக் கேட்டு வாங்கி, கண்ணில் ஒற்றிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்கள். அதற்குத் திருவோலை என்று பெயர் வைத்த புண்ணியவானும் நான்தான்.

சாமி என் கட்டுரையை இரண்டு நாள் வைத்துப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கிய வாத்தியாரய்யா," என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் முப்பிடாதி என்று ஒரு பெண் இருந்தாள். ஒரு கதையை ஒரு தடவை சொன்னால் போதும், ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொல்வாள். சாமி மத்தியானம் வாசித்ததைச் சாயங்காலம் சமையல்காரருக்கு ஒப்பிப்பாள். புத்தகத்தை விரித்தால் மட்டும் வாய் கட்டிப்போகும். மூன்றாவது வரியிலிருந்து ஆறாவது வரிக்குத் தாவுவாள். வாசித்த வரியையே மறுபடி வாசிப்பாள். எழுத்துக்கு அடியில் ஆள்காட்டி விரலை ஊன்றினால்தான் கொஞ்சமாவது நகரும்.

"விரலை எடு," என்பேன்.

எடுக்காவிட்டால் குச்சியால் விரலில் ஒரு தட்டு. விரல் வைத்துப் படிப்பது சின்னக் குழந்தைகளின் பழக்கம், அதை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. அவள் நிறுத்தவில்லை. கடைசியில் அவளைக் கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தேன். ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு, பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவள் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, வந்து அழைத்துப் போகவும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் அப்பா கொம்பையா வந்தார். அவளுடைய தகரப்பெட்டியை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வீட்ல அவ அம்மையோட பீடி சுத்தட்டும் சார். வேற என்ன செய்ய?" என்றார்.

"சாப்பிட்டுக் கூட்டிட்டுப் போங்க," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த சாமியிடம் போனேன்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் ஏறாத பிள்ளைய என்ன செய்ய?"

"எப்படிச் சொல்லிக் குடுத்திய?"

"மத்த பிள்ளைகளுக்கு எப்படியோ அப்படித்தான்."

"அந்தப் பிள்ளை எப்படி வாசிக்கு?"

"விரல் வச்சு வாசிக்கு. அதை நிறுத்தத்தான் இவ்வளவு நாளாப் பாடுபட்டேன்."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இன்னைக்கு வாசிக்க வேண்டிய பக்கத்தை நீங்களே எடுத்துக் குடுங்க," என்றார். "ஓலை வேண்டாம்."

மத்தியானம் இலை போட்டாயிற்று. கொம்பையாவும் பந்தியில் இருந்தார். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துச் சாமி முன்னால் வைத்தேன்.

முதல் வரி தட்டுத்தடுமாறி வந்தது. இரண்டாவது வரி பாதியில் நின்றது. பிறகு ஐந்தாவது வரிக்குப் போனார். திரும்பி வந்து முதல் வரியையே வாசித்தார். ஒரு சொல்லை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். நெற்றியில் வேர்த்து வழிந்தது. மயக்கம் வருகிறதோ என்று ஒரு சீடர் தண்ணீர்ச் செம்போடு எழுந்தார். சாமி அவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது கோபம். இதைக்கூடப் பார்த்து வாசிக்கத் தெரியாதா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையிலிருந்து முப்பிடாதி எழுந்தாள். மெல்ல நடந்து சாமியின் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு தடவை பயந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவர் விட்டுவிட்ட வரிக்குக் கீழே தன் ஆள்காட்டி விரலை வைத்தாள்.

சாமி வாசித்தார்.

விரல் நகர்ந்தது. அடுத்த சொல் வந்தது. வரி முடிந்ததும் விரல் ஒரு வரி இறங்கியது. அதே குரல், அதே நிதானம். பதினோரு வருடமாக எங்கள் மனசை அடக்கிய அந்த வாசிப்பு, என் குச்சி பட்ட ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் கடைசிவரை போயிற்று.

"உக்காந்து சாப்பிடு தாயி," என்றார் சாமி.

நான் இலையில் கை வைக்கவில்லை. சாப்பாடு முடிந்து கொம்பையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். முப்பிடாதி பின்னால் போனாள்.

"கொஞ்சம் இருங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். சாமி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சாமி, உங்களுக்கு..."

"சின்னதுலேர்ந்தே அப்படித்தான். வரி ஒரு இடத்துல நிக்காது. விடியக்காலம் எந்திரிச்சு அன்னைக்கு வாசிக்கிற பக்கத்தை இருவது தடவை வாசிச்சிட்டுத்தான் உங்க முன்னால வந்து உக்காருவேன்."

"அப்ப அந்த ஓலை?"

"அது இல்லன்னா வரி தப்பிரும்."

அவ்வளவுதான் சொன்னார். ஆண்டு மலரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெட்கமா, வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"பதினோரு வருஷம் கூடவே இருந்திருக்கேன். எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி."

சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சொல்லியிருந்தா என்னைய எந்த வகுப்புல உக்கார வச்சிருப்பிய, வாத்தியாரய்யா?"

வாசலுக்கு நடந்து போய், கொம்பையா கையிலிருந்த தகரப்பெட்டியை வாங்கிக்கொண்டேன்.