ஒரு தப்புக்கு மூன்று சொந்தக்காரர்

பரிசு எனக்குத்தான் என்று மூன்று பேர் மல்லுக்கட்டின கதை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது, தப்பு என்னுடையதுதான் என்று மூன்று பேர் மல்லுக்கட்டின கதை. முழுசாய்க் கேட்டுவிட்டு அப்புறம் ஒரு பக்கம் சாயுங்கள்.

தெற்கே, சுற்றிலும் உப்பளமாய்க் கிடக்கிற ஓர் ஊரில் 'உப்பங்காற்று' என்று ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. நாலே பக்கம். ஆசிரியர் தங்கப்பழம். நிருபர் அமலி, செய்தி எடுப்பதும் அவள்தான், வியாழக்கிழமை கட்டுக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றுவதும் அவள்தான். யாருக்கும் அஞ்சாமல் எழுதுகிற சின்னப் பத்திரிகைகளைத் தாங்குவதற்கென்று சென்னையில் ஓர் அறக்கட்டளை இருந்தது. மூன்று வருஷமாய் அதன் தயவில்தான் 'உப்பங்காற்று' மூச்சு விட்டது.

அந்த மூன்று வருஷத்தில் அவர்கள் போட்ட பெரிய செய்தி ஒன்று உண்டு. உப்புக் கம்பெனி தன் ஆட்களுக்குக் குடிக்க விட்ட தொட்டித் தண்ணீரை ஏழு வருஷமாய் யாரும் சோதிக்கவே இல்லை. சோதித்ததாய்க் காட்டின தாளெல்லாம் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து எழுதினது. இதை வந்து சொன்னவர் அதே ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர். குடியிருந்ததும் கம்பெனி வீடு. பேர் தெரிந்தால் வேலையும் போகும், வீடும் போகும். அமலியும் பக்கத்தில் இருக்க, தங்கப்பழம் அவருக்கு வாக்குக் கொடுத்தார்: "என் வாயால உங்க பேரு வராது."

செய்தி வந்ததும் கம்பெனி பழைய தொட்டியை இடித்துப் புதுசு கட்டியது. அரசாங்கத்தார் வந்து தண்ணீரைச் சோதித்துத் தாளைத் தொட்டியிலேயே ஒட்டினார்கள். 'முந்தைய சோதனை: ஏதும் இல்லை' என்று முத்திரையோடு அதில் ஒரு வரி இருந்தது.

கொடுத்த ஆதரவு பலித்ததா என்று பார்த்துவர அறக்கட்டளை சேதுராமலிங்கம் என்பவரை அனுப்பியது. வெள்ளைக் கார்; இரண்டு பக்கக் கதவிலும் அறக்கட்டளையின் பேர் பெரிதாய் எழுதியிருக்கும். ஊர் எல்லையில் புதுத் தொட்டியைக் கண்டதும் டிரைவர் காரை நிறுத்தி முகம் கழுவினார். சேதுராமலிங்கமும் இறங்கினார். வெயில் அப்படி. ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

மனுஷர் நல்லவர். பத்திரிகை மேல் பிரியமும் இருந்தது. ஆனால் கையில் ஒரு படிவம் இருந்தது. மூன்று செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சொன்னவரை நேரில் பார்த்து, நிஜம்தானா என்று கேட்க வேண்டும். பார்க்க முடியாவிட்டால் 'உறுதியாகவில்லை' என்று எழுத வேண்டும். ஒன்று அப்படி விழுந்தாலும் ஆதரவு நின்றுபோகும். அடுத்த மாதம் பத்திரிகை இருக்காது. இரண்டு செய்தி சரியாய்ப் போயிற்று. மூன்றாவது, தொட்டிச் செய்தி.

"அது மட்டும் கேக்காதீய ஸார்," என்றார் தங்கப்பழம்.

"கேட்காம நான் என்னன்னு எழுதறது?"

"பேரு சொல்லாத பத்திரிகைன்னு எழுதுங்க."

அதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்றார் சேதுராமலிங்கம்.

பிறகு தங்கப்பழம், டீ வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்தார். அந்த ஆபீஸில் என்றைக்கும் டீ வாங்கப் போவது அமலிதான். "என்ன அண்ணாச்சி, ஆசிரியர் வேலை சடைச்சுப்போச்சா?" என்றாள். அவர் அதற்குள் படி இறங்கிவிட்டார். டீக்கடை எதிர்வரிசையில்தான். அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அதற்குள் அமலி பேரைச் சொல்லியிருந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். சேதுராமலிங்கம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, ஒரு தாளிலும் அந்தப் பேரை எழுதவில்லை. காரில் ஏறிக் கம்பெனிக் குடியிருப்புக்குப் போனார். எந்த வண்டி, எந்த வீட்டுக்கு என்று காவலாளி வழக்கம்போல் கம்பெனி நோட்டில் குறித்துக்கொண்டான். உள்ளே பத்து நிமிஷம். செய்தி நிஜம்தான் என்று அந்த ஆள் வாயாலேயே கேட்டாயிற்று. சாயங்காலமே 'உறுதி' என்று எழுதிப் படிவத்தை அனுப்பிவிட்டார். அதில் கடைசிக் கேள்வி, இந்தத் திட்டத்தால் யாருக்காவது கெடுதல் வந்ததா என்பது. 'இல்லை' என்று எழுதினார்.

மறுநாள் காலை அந்த வீட்டுச் சாமானெல்லாம் தெருவில் கிடந்தது.

மூன்று பேரும் பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்திருந்தார்கள். பேரைச் சொன்னது நான், தப்பு என்னுடையது என்றாள் அமலி. வாசலில் போய் நின்ற கார் என்னுடையது, ஆகவே தப்பும் என்னுடையது என்றார் சேதுராமலிங்கம். கடைசியாகத் தங்கப்பழம் சொன்னார்.

"நீ சொல்லிருவேன்னு தெரிஞ்சுதான் டீக்குப் போனேன், அமலி. என் வாய் மட்டும் சுத்தமா இருக்கட்டும்னு."

பத்திரிகைக்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு ஆதரவு கிடைத்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பேரைச் சொன்னவள், சொல்லட்டும் என்று எழுந்து போனவர், சொன்ன பேரைத் தேடிப் போனவர்: இதில் முதல் தப்பு யாருடையது?

என் பதில் இது. அமலி பத்திரிகை சாகப் போகிறதே என்ற பயத்தில் சொன்னாள், அவளுடையது கடைசி. வாக்குக் கொடுத்தவர் தங்கப்பழம்; வாயைக் காத்து வாக்கை விட்டார்; அவருடையது அவளுடையதை விடப் பெரிசு. முதல் தப்பு சேதுராமலிங்கத்துடையது. காரில் போனது அல்ல, கேட்டதே தப்பு. செய்தி நிஜமா என்று தெரியத்தானே அந்தப் பேர்? நிஜம் என்பதை அவர் ஊருக்குள் நுழையுமுன்னே தொட்டித் தாளில் படித்தாயிற்று, அந்தத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தும் ஆயிற்று. பிற்பாடு அவருக்கே அது புரிந்தது. 'இல்லை' என்றதை அடித்து, 'ஆம், என்னால்' என்று எழுதச் சொல்லி அறக்கட்டளைக்குக் கடிதம் போட்டார்.

அந்த ஆள் யார், ஆணா பெண்ணா, இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று என்னைக் கேட்பீர்கள். கதையைத் திரும்ப ஒரு தடவை துழாவிப் பாருங்கள், கிடைக்காது. இந்தத் தப்புக்கு நாலாவது சொந்தக்காரர் வேண்டாம்.