நிண்டான்

கழிமுகத்தை ஒட்டிய பள்ளியில் பூநந்திக் குரத்தியார் ஒரு நிகண்டு தொகுத்துக்கொண்டிருந்தார். ஒரே பொருள் தரும் சொற்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் நூல் அது. பெண் ஆசிரியரை அந்தப் பள்ளியில் குரத்தி என்றுதான் அழைப்பார்கள்.

அவருடைய மாணவர் சேந்தன், அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முன்பு அந்த ஊர் ஓடத்துறையில் அதிகாரியாக இருந்தார். ஐந்து வருடங்களுக்கு முன் பதவியை விட்டுவிட்டு ஓலையும் எழுத்தாணியுமாக வந்து சேர்ந்தார். காரணத்தை அவர் சொல்லவில்லை. குரத்தியாரும் கேட்கவில்லை.

ஊர் வழக்கத்தோடு ஒட்டாதவர்களைக் குறிக்கும் சொற்களைத் தேடுவது சேந்தனின் வேலை. சுடுகாட்டில் குடியிருப்பவன், கல்யாணமே வேண்டாம் என்றவள், கழிமுகத்தில் தெப்பத்திலேயே பிறந்து தெப்பத்திலேயே சாகிற சனம், இப்படிப்பட்டவர்களை ஊர் என்னவெல்லாம் சொல்லி அழைக்கிறது? மூன்று மாதம் அலைந்து நாற்பத்தொரு சொற்களோடு வந்தார்.

"புறத்தார், ஒவ்வாதவர், கிறுக்கர், கரையிலி..." என்று வாசித்துக்கொண்டே போனார்.

குரத்தியார் கடைசிச் சொல்வரை கேட்டார்.

"இவற்றை யாரிடம் கேட்டீர்கள்?"

"ஊராரிடம், அம்மையே."

"தெப்பத்துச் சனத்திடம்?"

"அவர்களிடம் என்ன கேட்பது? இவை அவர்களைப் பற்றிய சொற்கள்."

"உங்களைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல் இருக்கும். அதைக் கேட்டு வாருங்கள்."

மறுநாள் காலை சேந்தன் ஓடத்தில் போனார். நாணல் வெட்டிக் கட்டிய தெப்பங்கள் வரிசையாக மிதந்தன. அவரைக் கண்டதும் ஒரு சிறுமி வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"நிண்டான் வாரான்! நிண்டான் வாரான்!"

சேந்தனுக்கு மகிழ்ச்சி. நல்ல சொல், நிகண்டில் இல்லாத சொல். தரையில் நிற்பவன் என்று பொருளாக இருக்கும். இவர்களோ நீரில் மிதப்பவர்கள். எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துக்கொண்டே ஓலையை எடுத்தார்.

முதல் தெப்பத்தில் நீலாயி என்ற பெண் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கரைக்காரங்க எல்லாரையும் அப்படித்தான் சொல்வீங்களா, அம்மா?"

"ஆமாங்க."

"தரையில நிக்கிறவங்க. அதனாலதானே?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இல்லீங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசியில ஒரு புயல் வந்துச்சே, அன்னைக்குப் பதினேழு தெப்பம் கவுந்துச்சு. கத்துனோம். தொண்டை கிழியக் கத்துனோம். கரையில ஊரே திரண்டு வந்துச்சு. ஓடம் இருந்துச்சு, கயிறு இருந்துச்சு. வந்தவங்க வந்த எடத்துலயே நிண்டாங்க. பாத்துக்கிட்டே நிண்டாங்க."

சேந்தனின் எழுத்தாணி ஓலையைத் தொடவில்லை.

"அதுக்கு முன்னாடி என்ன சொல்லுவீங்க?"

"அதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு தனியா பேரு எதுக்கு? மனுசங்கன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தோம்." அவள் மறுபடி மீனை எடுத்தாள். "எம் மவனுக்கு ஏழு வயசு. கரையப் பாத்துக் கையக் காட்டிக்கிட்டே போனான். யாராவது வருவாங்கன்னு நெனச்சான் போல."

எப்படி ஓடத்தில் ஏறினார், எப்படித் துடுப்புப் போட்டார் என்று சேந்தனுக்கு நினைவில்லை. பள்ளிக்குள் வந்தபோது இடுப்புவரை சேறு. ஓடம் கரை சேருமுன்பே இறங்கி நடந்திருந்தார்.

குரத்தியார் ஓலைகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். சேந்தன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் உட்கார்ந்தார்.

"அன்று துறையில் நான்தான் அதிகாரி. நான்கு ஓடங்கள் என் பொறுப்பில் இருந்தன. ஓடக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். 'போகட்டுமா?' என்று ஒருவன் கேட்கவும் கேட்டான். 'கரையிலிகள்தானே, நீந்தத் தெரியும்' என்றேன்."

குரத்தியார் மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சொல் என் வாயில் தயாராக இருந்தது, அம்மையே. அது இல்லாதிருந்தால் வேறென்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை."

குரத்தியார் பூசி முடித்த ஓலையைக் கட்டோடு சேர்த்து வைத்தார்.

"உங்களையும் அவர்கள் நிண்டான் என்றுதான் சொல்வார்களா?" என்று சேந்தன் கேட்டார். தான் அப்படிக் கேட்டது அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"அன்று கூரை ஒழுகியது," என்றார் குரத்தியார். "நிகண்டு ஓலைகளை உள்ளே அள்ளிக்கொண்டிருந்தேன். கூக்குரல் கேட்டது. இந்தக் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பிறகு இன்னொரு கட்டு. எல்லாவற்றையும் வைத்து முடித்தபோது சத்தம் நின்றுவிட்டிருந்தது. ஓர் ஓலைகூட நனையவில்லை."

சேந்தன் நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருடமாகத் தினமும் பார்த்த முகம். இன்றுதான் பார்ப்பதுபோல் இருந்தது.

அவர் எழுத்தாணியைத் தேடி எடுத்தார்.

"நிண்டான் என்ற சொல்லை எங்கே எழுத வேண்டும்?"

"'நாம்' என்ற சொல்லுக்கு நேரே எழுதுங்கள்."