நாலாவது மூலையில் கண் இல்லாத கதை

அந்தக் காலத்தில் பூச்சிக்கும் பறவைக்கும் நம்மைப் போலவே பேச்சு இருந்தது. வெட்டிப்பேச்சும் கொஞ்சம் இருந்தது. ஒரு காட்டில் ஆலமரப் பொந்துதான் எல்லோருக்கும் பொதுவான பண்டசாலை. பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. தேன், தினை, மருந்து எல்லாமே ஒரே மாதிரி மூங்கில் குழாய்களில் இருக்கும்.

எதில் எது என்று தெரிய வேண்டாமா? கொண்டையன் என்ற மரங்கொத்தி குழாய்மேல் தடித்த கோடும் மெல்லிய கோடுமாகக் கொத்திவைப்பான். சுடர்க்கொடி என்ற மின்மினி தன் வெளிச்சத்தைக் குறுக்கே ஓட்டி, "இது தேன், இது தினை" என்று சொல்வாள். அதற்குக் கோடு போதும். மருந்துக்கு எந்த நோய், எத்தனை துளி, எத்தனை வேளை என்று ஆயிரம் சொல்ல வேண்டுமே. அதற்காகக் கொண்டையன் சதுரம் போட்டு, உள்ளே புள்ளி புள்ளியாகக் கொத்தினான். நாலு மூலையிலும் நாலு பெரிய கண் வைத்தான். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் பூவாத்தா என்ற மந்தி, காய்ச்சலில் கொதிக்கும் குட்டியோடு ஓடிவந்தாள். சுடர்க்கொடி மருந்துக் குழாயைப் படித்தாள்.

"குழாய் மருந்து முழுக்கக் கொடு தாயி."

சொல்லிவிட்டாளே தவிர மனசு கேட்கவில்லை. சுற்றிவந்து எதிர்ப்பக்கமிருந்து படித்தாள். ஒரே ஒரு துளி என்று வந்தது. நாலு மூலையும் ஒன்றுபோல இருந்தால் எது மேல், எது கீழ்? மந்தியோ குழாயைக் குட்டியின் வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள்.

"கொடுக்காதே தாயி. எனக்கு இது படிக்கத் தெரியலை."

"இத்தனை நாளா படிச்சவளுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று சீறினாள் பூவாத்தா.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சுடர்க்கொடிக்கு உடம்பே கூசியது. ஆனாலும் குழாயின் வாயில் உட்கார்ந்தவள் நகரவில்லை.

ஆள் போய்க் கூப்பிட, கொண்டையன் பறந்துவந்தான். "ஒரு துளிதான். முழுசும் போயிருந்தா குட்டி பிழைச்சிருக்காது," என்றான்.

"இன்னைக்கு நீ இருந்தே அண்ணே. நீ இல்லாத அன்னைக்கு? ஒரு மூலைக் கண்ணை எடுத்துடு. கண் இல்லாத மூலை வலப்பக்கக் கீழ்மூலைன்னு நான் தெரிஞ்சுக்கிறேன்."

கொண்டையனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆசை ஆசையாய்க் கொத்தியது அல்லவா. அதற்குள் பூவாத்தா கொடுத்த ஒரு துளி மருந்து வேலைசெய்து, குட்டி கண்விழித்து அம்மாவின் மடியைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்தவன் நாலாவது கண்ணைக் கொத்தி அழித்தான்.

அன்று முதல்தான் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கோடு போதும் என்று ஆயிற்று. நிறையச் சொல்ல வேண்டிய கியூஆர் சதுரத்துக்கு மூன்று மூலையில் மட்டும் பெரிய கண். போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது தப்பாமல் படிக்கிறதே, ஒரு மின்மினி ஊர் முன்னால் "தெரியலை" என்று சொன்னதால் வந்தது அது.