முதல் காய்

"மூணு வருஷமா காத்திருக்கேன் அம்மா. ஒண்ணுகூடக் கனிய மாட்டேங்குது. எப்பத்தான் பறிக்கிறது?"

கேட்டவர் குழந்தைவேலு. அறுபத்து நான்கு வயது. மலைப்பாதையோரம் இருந்த சிறிய மடத்துக்குப் பதினோரு வருடங்களாக வந்துபோகும் சீடர்.

மடத்தின் குரு ஞானாம்பாள். சீடரைவிட இருபது வயது இளையவர். ஊரே அம்மா என்று கூப்பிட்டதால் குழந்தைவேலுவும் அப்படியே கூப்பிட்டார்.

மரம் குழந்தைவேலுவின் வீட்டுக்குப் பின்னால் நின்றது. பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ மரம். அவரே நட்டது.

அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீட்டு மரத்தின் முதல் பழம், கல்யாணமாகிப் போன மகளுக்குத்தான். அவள் தின்ற பிறகே மற்றவர்கள் வாயில் வைக்கலாம்.

மகள் பூங்கோதை தன் இஷ்டப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு அடிவாரத்து ஊருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. பழம் கனியட்டும், எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன் என்பார். மனைவி கேட்கும்போதெல்லாம் மரத்தைக் கை காட்டுவார். மரம் பாவம், அதனால் மறுத்துப் பேச முடியாது.

நேற்று மருமகன் போன் செய்திருந்தான். பூங்கோதை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள், அப்பாவைக் கேட்கிறாள் என்றான்.

இதையும் அம்மாவிடம் சொன்னார். கடைசியாகத்தான் சொன்னார்.

"கோபம் போயிடுச்சா?"

"இல்லீங்க. அதுவும் கொஞ்சம் இளகட்டும்னுதான் இருந்தேன்."

அம்மா எழுந்து அவரோடு அவர் வீட்டுக்கு நடந்தார்.

மரத்தில் காய்கள் நிறையத் தொங்கின. கைக்கெட்டிய காய்களிலெல்லாம் கறுப்புத் தழும்பு. கனிந்ததா என்று தினமும் காலையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த தடம். கீழே விழுந்தவை அழுகிக் கிடந்தன. அணில் தின்றது போக மிச்சம்.

தோல் பளபளப்பு போய், காம்பு லேசாக மஞ்சளித்திருந்த ஒரு காயை அம்மா பறித்தார். குழந்தைவேலுவின் கையில் வைத்தார்.

"இது இன்னும் காய்ங்கம்மா."

"மரத்துல இருக்கிற வரைக்கும் காய்தான். இது மரத்துல பழுக்கிற சாதி இல்லை. பறிச்ச பிறகுதான் இளகும்."

குழந்தைவேலு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, போன வருஷமே பறிச்சிருக்கலாமா?"

"பறிச்சிருக்கலாம்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும்தான்."

அவர் அழுகிய காய்களுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பறிச்சா எத்தனை நாள்ல இளகும்?"

"அரிசிக்குள்ள வெச்சா, ஏழு நாள்."

"அவளுக்கு ஏழு நாள் இல்லீங்களே அம்மா."

குழந்தைவேலு கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, காயைக் கீழே வைக்கவும் இல்லை.

கீழே போகிற பஸ் மேல்வளைவில் ஹாரன் அடித்தது.

"போங்க," என்றார் அம்மா.

"கல்லு மாதிரி இருக்கு. இதை எப்படிக் கொண்டுபோய் நீட்டுவேன்? அவளால இதைத் தின்ன முடியாதே."

"தின்ன முடியாது," என்றார் அம்மா. "கையில வெச்சுக்குவா."